வலது பக்கத்து சீட்

போன வருஷம் ஆயுத பூஜை அன்று காலை, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தன. இரண்டுக்கும் நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஒன்றுக்கு மனசார வைத்தேன். இன்னொன்றுக்கு, வைக்காவிட்டால் என் கணவர் முகம் வாடிவிடுமே என்று வைத்தேன். அன்று மதியத்துக்குள் நடந்ததை யாரிடம் சொன்னாலும், "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்று பாதியிலேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அங்கே முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மனசாரப் பொட்டு வைத்தது எங்கள் அன்றாடக் காருக்கு. வெள்ளை நிறம், ஐந்து பேர் உட்காரலாம், எந்தத் தெருவில் நிறுத்தினாலும் அதே மாதிரி இன்னும் இரண்டு நிற்கும். அதை வாங்குவதற்கு முன் மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். எத்தனை காற்றுப் பைகள், மோதிப் பார்க்கும் சோதனையில் எத்தனை நட்சத்திரம், குழந்தை சீட்டை மாட்டும் கொக்கி எந்த இடத்தில் என்று எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். கதவு சரியாக மூடவில்லை என்றால் அந்த வண்டி சொல்லும். பெல்ட் போடவில்லை என்றால் சொல்லும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் பூனை போனாலும் சொல்லும். எனக்கு அப்படி ஒரு வண்டிதான் வேண்டியிருந்தது. கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். குழந்தை பிறந்த பிறகு அது ஐந்து முறை ஆகிவிட்டது.

இன்னொன்று அவருடைய செல்லம். ஐம்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, நீளமான மூக்கு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. அதைக் கூபே என்பார். புதுச்சேரியில் ஒரு பழைய பங்களாவின் ஷெட்டில் கோணிப்பை போர்த்திக் கிடந்ததை வாங்கி, மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்து ஓட வைத்தார். பிரான்சிலிருந்து யாரோ கப்பலில் கொண்டு வந்த வண்டி என்பதால் அதில் ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் சாலையின் இடது பக்கம் போகிறவர்கள். ஸ்டீயரிங்கும் இடது பக்கமே இருந்தால், ஓட்டுகிறவர் சாலை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு பஸ் போகிறது என்றால், அதைத் தாண்டி எதிரில் என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியாது. வலது பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அந்த சீட் என்னுடையது. அவர் "பாக்குறியா?" என்பார். நான் கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். சாலை காலியாகத்தான் இருக்கும். ஆனாலும் தூரத்தில் ஏதோ புள்ளி மாதிரி தெரிகிறதே, அது லாரியாக இருந்தால் என்று தோன்றும். "வேணாங்க" என்பேன். புள்ளி கடைசியில் ஒரு சைக்கிளாக இருக்கும். அதற்குள் அடுத்த புள்ளி வந்துவிடும். புதுச்சேரிக்குப் போகும் வழியெல்லாம் ஒரே டவுன் பஸ்ஸின் புகையைச் சுவாசித்துக்கொண்டு போயிருக்கிறோம்.

என் தம்பி ஒருமுறை பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்து வந்தான். இறங்கியதும், "மாமா, நீங்க ரேஸ் கார் வாங்கி, எங்க அக்காவ வெச்சி மாட்டு வண்டி ஓட்டுறீங்க" என்றான். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க அக்கா வாயில 'போ'ன்னு வர்றதுக்குள்ள எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துரும் மச்சான்" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் குத்தியது. சொல்வது சுலபம். நான் சொல்லி, அது தப்பாகிவிட்டால்?

மகன் பிறந்ததும் ஒரு சட்டம் போட்டேன். அவன் அந்தப் பழைய காரில் ஏறவே கூடாது. குழந்தை சீட் மாட்ட இடமில்லை, காற்றுப் பை இல்லை, இடுப்பில் மட்டும் ஒரு வார். அவரும் வாதாடவில்லை. அன்று ஆயுத பூஜைக்கு மகனுக்கு இரண்டு வயது மூன்று மாதம். அதுவரை அவன் அதன் பம்பரைத் தொட்டுப் பார்த்திருக்கிறான், உள்ளே உட்கார்ந்ததில்லை.

பூஜை ஹாலில். அவருடைய ஸ்பேனர்கள், என் தையல் மெஷின், அரிவாள்மனை, மகனின் முதல் சிலேட்டு, நடுவில் ஒரு பித்தளைத் தட்டில் இரண்டு கார்களின் சாவிகள். பழைய காருக்கு வெறும் இரும்புச் சாவி. புதியதற்குக் கறுப்பாக, கூழாங்கல் மாதிரி ஒன்று. அதைப் பையில் வைத்திருந்தாலே போதும், பொத்தானை அழுத்தினால் வண்டி கிளம்பும். போன மாதம் அதன் பேட்டரியை நானே மாற்றியிருந்தேன். பின்மூடியைச் சரியாக அழுத்தினேனா என்று அப்போதே ஒரு சந்தேகம்.

எங்கள் அம்மா வீட்டில் தேங்காய் உடைத்ததும், அந்தத் தண்ணீரை டம்ளரில் பிடித்து, மாவிலையால் தொட்டு எல்லாச் சாமான் மேலும் தெளிப்பார்கள். கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. நானும் அப்படியே தெளித்தேன். சாவித் தட்டில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. இன்னொரு தரம் தெளித்தேன். அப்புறமும் மனசு கேட்காமல் டம்ளரைச் சாய்த்து ஒரு சொட்டு விடப் போக, பாதி டம்ளர் கொட்டிவிட்டது. கறுப்புச் சாவி தேங்காய்த் தண்ணீரில் மிதந்தது.

அதை எடுத்து உதறி, முந்தானையால் துடைத்து, மூடியைத் திறந்து ஊதிக்கொண்டிருந்தேன். மாற்றுச் சாவி வீட்டில் இல்லை. தொலைந்துவிடக் கூடாது என்று அதைச் சிதம்பரத்தில் என் அம்மா வீட்டு பீரோவில் வைத்திருந்தேன். அவ்வளவு ஜாக்கிரதை. அந்த இரண்டு மூன்று நிமிஷம் என் முதுகு குழந்தை பக்கம்தான் இருந்தது.

பொரியில் அவன் பங்கை நான் தனியாகத்தான் எடுத்து வைத்திருந்தேன். வேர்க்கடலை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த பொரி. ஆனால் அவன் உட்கார்ந்து சாப்பிட்டது அவனுடைய அப்பாவின் தட்டில். அவர் வாசலில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போயிருந்தார்.

இருமல் சத்தம் கேட்டுத் திரும்பினேன். முகம் சிவந்து, கண் பிதுங்கி, கையை ஆட்டினான். தூக்கிக் கவிழ்த்து முதுகில் தட்டினேன். வாயிலிருந்து பொரியும் எச்சிலும் வந்தன. கொஞ்ச நேரத்தில் இருமல் நின்று அழ ஆரம்பித்தான். அவர் ஓடி வந்து வாங்கிக்கொண்டார். "அழுவுறான் இல்ல, மூச்சு வருது. சரியாயிடுச்சு" என்றார். நிஜமாகவே சரியான மாதிரிதான் இருந்தது. சிலேட்டை எடுத்து விளையாடக்கூடப் போனான்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு. உண்மையான பயம் எது, வழக்கமான பயம் எது என்று அவளுக்கே தெரியாது. அவன் மார்பில் காது வைத்துக் கேட்டேன். மூச்சு விடும்போது ஒரு மெல்லிய விசில். இடது பக்கம் இல்லை, வலது பக்கம். திரும்பக் கேட்டேன். என் கற்பனையோ என்று அவரையும் கேட்கச் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார். இருந்தாலும், "வாங்க, ஒரு நடை டாக்டர்ட்ட காமிச்சிட்டு வந்துரலாம்" என்று பிடிவாதம் பிடித்தேன். அடுத்த தெருவில் இருந்த குழந்தை மருத்துவர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனோம்.

அவர் ஸ்டெதாஸ்கோப்பை வலது பக்கம் வைத்தார், இடது பக்கம் வைத்தார், மறுபடி வலது பக்கம் வைத்தார்.

"வலது பக்கம் காத்து கம்மியா போவுதும்மா. கடலை உள்ள போயிருக்கு. எக்ஸ்ரேல தெரியாது. குழாய் விட்டுத்தான் எடுக்கணும்."

பாண்டிச்சேரிக்கும் போகலாம், ஆனால் லீவு நாளில் அங்கே யார் இருப்பார்கள் என்று உறுதியில்லை, சிதம்பரத்தில் தன்னோடு படித்தவர் இருக்கிறார் என்று அங்கேயே போன் போட்டார். அந்த மருத்துவர் ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்வதாகச் சொல்லிவிட்டார். ஆம்புலன்சுக்கும் போட்டார். பக்கத்து வண்டி ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, அடுத்தது வர நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

"உங்ககிட்ட கார் இருக்கு இல்ல? காத்திருக்காதீங்க, கெளம்புங்க. கொழந்தைய நிமித்தியே வெச்சிக்கங்க. முதுகுல தட்டாதீங்க, தண்ணி குடுக்காதீங்க, அழ விடாதீங்க. இப்ப அது ஒரு பக்கம் ஒக்காந்திருக்கு. எடம் மாறி நடுவுல வந்துருச்சின்னா…" என்று நிறுத்தினார். அவர் முடிக்காததை நாங்கள் இருவரும் முடித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து, பூஜைக்காகத் திறந்தே வைத்திருந்த புதிய காரில் குழந்தையோடு பின்சீட்டில் ஏறினேன். அவர் பொத்தானை அழுத்தினார். வண்டி 'டிங்' என்றது. திரையில் சாவியைக் காணோம் என்று எழுத்து வந்தது. சாவியைப் பொத்தானோடு ஒட்டிவைத்து அழுத்தினால் கிளம்பும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். அப்படியும் செய்தார். மறுபடியும் டிங். எத்தனையோ விஷயங்களைச் சொல்லத் தெரிந்த அந்த வண்டி, அன்று அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் உடைந்திருப்பேன் என்று தெரிந்தே பார்க்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

"இறங்கு" என்றார்.

இரும்புச் சாவியை வேட்டியில் துடைத்து அவர் பழைய காரைக் கிளப்பினார். முதல் தடவை முனகியது, இரண்டாவது தடவை பிடித்துக்கொண்டது. நான் போட்ட சட்டத்தை நானே மீறி, மகனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

புதிய நாலு வழிச் சாலையில் ஏறும் இடத்தை அன்று எதற்கோ அடைத்திருந்தார்கள். பழைய சாலையில்தான் போனோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், அப்புறம் சிதம்பரம். சாதாரண நாளில் ஒரு மணி நேரம்.

அந்த வண்டியில் தரையோடு தரையாகத்தான் உட்கார முடியும். முன்னால் போகிற பஸ்ஸின் டயர்தான் கண்ணுக்கு நேராக வரும். போதாததற்கு ஆயுத பூஜை. எல்லா லாரியிலும் பஸ்ஸிலும் முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். தூரத்தில் பச்சையாக ஏதோ அசைந்தால், அது மரமா வண்டியா என்று கண்டுபிடிப்பதற்குள் பக்கத்தில் வந்துவிடும். இன்ஜின் சத்தத்தில் குழந்தையின் விசில் கேட்கவில்லை. புதிய வண்டியாக இருந்திருந்தால் அவன் மூச்சு ஒவ்வொன்றும் காதில் விழுந்திருக்கும். இங்கே என் உள்ளங்கையை அவன் மார்பில் அழுத்தி வைத்துக்கொண்டேன். அது ஏறி இறங்குகிறதா என்று கை பார்த்தது. சாலையைக் கண் பார்த்தது.

ஆலப்பாக்கம் வரை ஒரு தனியார் பஸ்ஸுக்குப் பின்னால் போனோம். அவர் இரண்டு தடவை "பாக்குறியா?" என்றார். இரண்டு தடவையும் "வேணாங்க" என்றேன். இரண்டு தடவையும் போயிருக்கலாம். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றபோதுதான் கடந்தோம்.

அதற்கப்புறம் ஒரு டிரெய்லர். அதன் மேல் நெல் அறுக்கிற மெஷின். குமராட்சிப் பக்கம் அறுவடைக்குப் போகிறது போலிருக்கிறது. சாலையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு, நடக்கிற வேகத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போனது. மகன் இரும ஆரம்பித்தான். ஒவ்வொரு இருமலுக்கும் அந்த டாக்டர் முடிக்காமல் விட்ட வாக்கியம் எனக்குள் ஓடியது. அவன் உதடு கொஞ்சம் நிறம் மாறின மாதிரி இருந்தது. மாறியதா, என் பயமா, தெரியவில்லை.

"என்ன தெரியுது?" என்று அவர் கேட்டார்.

பார்த்தேன். சாலை காலி. "போங்க" என்றேன்.

அவர் உடனே வலது பக்கம் ஒடித்து வேகம் கொடுத்தார். அந்த வண்டிக்கு அப்படி ஒரு பாய்ச்சல் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. டிரெய்லருக்குப் பாதிப் பக்கத்தில் இருக்கும்போது, தூரத்தில் வாழை இலை அசைந்தது. மினி பஸ். போதுமான தூரம் இருந்தது என்று இப்போது நிதானமாக யோசித்தால் தெரிகிறது. அப்போது என் வாய், "வேணாம், வேணாங்க, வேணாம்" என்றது.

அவர் பிரேக் அடித்தார். பின்னால் போகவும் இடமில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த லாரி அதற்குள் அந்த இடத்தை நிரப்ப வந்துவிட்டது. ஒரு நொடி நாங்கள் எதிர் வரிசையில், எங்கேயும் சேராமல், அப்படியே நின்றோம். லாரிக்காரர் எப்படியோ பிரேக் போட்டு வழிவிட, என் கணவர் பின்னால் வாங்கி உள்ளே நுழைத்தார். மினி பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் எங்களை உரசுகிற மாதிரி போனது. அதன் காற்று என் முகத்திலும் குழந்தை முகத்திலும் அடித்தது.

அவர் சாலை ஓரம் வண்டியை ஒதுக்கினார். லாரிக்காரர் தாண்டிப் போகும்போது என்னைத்தான் திட்டினார். வலது பக்கம் இருந்த நான்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்திருப்பார். ஒருவகையில் அது சரிதான்.

நான் குழந்தையை இறுக்கிப் பிடித்திருந்தேன். அவர் கத்தவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"வேணான்னா மொதல்லியே வேணான்னு சொல்லு. நான் பின்னாடியே போறேன், எவ்ளோ நேரம் ஆனாலும். போன்னு சொல்லிட்டு பாதில வேணான்னா நான் எங்கம்மா போறது?"

"எனக்குச் சரியா தெரியலங்க. நான் தப்பா சொல்லிட்டா…"

"எனக்குச் சுத்தமா தெரியல. டிரெய்லர் பின்பக்கம்தான் தெரியுது. நீ எறங்கி வந்து ஓட்டுறியா?"

அந்த நேரத்திலும் அவருக்கு அப்படிப் பேச வந்தது. அந்த வண்டியின் கியரை நான் தொட்டதே இல்லை என்று அவருக்குத் தெரியும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் இறுக்கிய பிடி தளர்ந்தது. மகன் என் தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் வைக்கப் போனான். மெதுவாக விலக்கினேன். கை மார்பில் இருந்தது. ஏறி இறங்கியது.

"கெளம்புங்க" என்றேன்.

லாரி அதற்குள் தாண்டிப் போயிருந்தது; மறுபடி அந்த டிரெய்லரின் பின்னால் போய்ச் சேர்ந்தோம். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். ஒரு வண்டி கடந்தது. இன்னொன்று. அப்புறம் காலி. புள்ளி இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. அது எவ்வளவு நேரத்தில் பெரிதாகிறது என்று பார்த்தேன். பெரிதாகவில்லை.

"இருங்க… இருங்க… போங்க."

அவர் ஒடித்தார். பாதியில் அந்தப் புள்ளி பெரிதாக ஆரம்பித்தது. பழைய 'வேணாம்' வாய் வரை வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை. கடந்து உள்ளே வந்தபோது எதிரில் வந்தது ஒரு டிராக்டர். நிறைய இடம் இருந்தது.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு பஸ். "வேணாம்" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "போங்க" என்றேன். போனார். அப்படியே முட்லூர் பாலம் வரை. எத்தனை வண்டிகளைக் கடந்தோம் என்று எண்ணவில்லை. வழியில் வண்டி சூடாகி நின்றுவிடும் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைப்பற்றிப் பேசும்போதெல்லாம் அதுதான் என் வாதம். அது நிற்கவில்லை.

சிதம்பரம் நுழைகிற இடத்தில் தடுப்பு வைத்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நேராக என் பக்கத்து ஜன்னலுக்கு வந்தார்.

"ஏம்மா, கொழந்தைய மடில வெச்சிக்கிட்டா வண்டி ஓட்டுவ? படிச்சவங்கதானே? லைசென்ஸ எடு."

இடது பக்கம் கையைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். என் முன்னால் ஸ்டீயரிங் இல்லை. அந்தப் பக்கம் வேட்டி கட்டிய ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "சார், கொழந்தைக்கு மூச்சுக்குழாய்ல கடலை போயிருச்சு சார்" என்றார். போலீஸ்காரர் மகனைப் பார்த்தார். விசில் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"கடைத்தெரு பக்கம் போகாதீங்க, கூட்டம் ஜாஸ்தி. பைபாஸ்ல சுத்திக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, தடுப்பைக் காலால் நகர்த்தி, சாலை நடுவில் போய் நின்று இரண்டு பக்கமும் பஸ்களை நிறுத்தினார். நாங்கள் திரும்பும் வரை கையை இறக்கவில்லை. அவர் பெயர்கூடத் தெரியாது. எங்காவது இதைப் படித்தால், என் நன்றி.

மருத்துவமனை வாசலில் ஸ்ட்ரெச்சர் தயாராக இருந்தது. மருத்துவர் கேள்விகளாகக் கேட்டார். எப்போது நடந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டான், மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், எந்தப் பதிலிலும் 'அப்படித்தான்னு நினைக்கிறேன்' என்று நான் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கையை மார்பிலிருந்து எடுத்தபோது அது மரத்துப்போயிருந்தது.

அந்த முக்கால் மணி நேரத்தைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நான் கடலை கிடந்த தட்டை, டம்ளரை, என் முதுகு திரும்பியிருந்த அந்த நிமிஷங்களை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் வெளியே வந்து ஒரு சின்ன பஞ்சில் வைத்துக் காட்டினார். பாதி வேர்க்கடலை. ஊறி உப்பியிருந்தது. "நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க. இன்னும் ஊறியிருந்தா ஒடஞ்சி உள்ள போயிருக்கும், எடுக்கறது சிரமம். இப்ப பயமில்ல" என்றார். என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

சாயங்காலம் அம்மா ஃப்ளாஸ்க்கில் கஞ்சியோடு வந்தார். கைப்பையிலிருந்து மாற்றுச் சாவியையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து என் கணவர் பழைய காரை அம்மா வீட்டு வாசலில் விட்டுவிட்டு, பஸ்ஸில் கடலூர் போய்ப் புதிய காரை எடுத்து வந்தார். மகனைக் குழந்தை சீட்டில் கட்டி, ஏசி போட்டு, சத்தமே இல்லாமல் வீட்டுக்கு வந்தோம்.

இதை வைத்துப் பழைய வண்டிதான் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. என் கணவரின் நண்பர்கள் அப்படித்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள். அன்று புதிய கார் கிளம்பியிருந்தால் கால் மணி நேரம் முன்னால் போயிருப்போம். அந்த மினி பஸ்ஸின் காற்று எங்கள் முகத்தில் பட்டிருக்காது. அது நல்ல வண்டி. அதைக் கெடுத்தது என் டம்ளர். மகன் இன்றைக்கும் பழைய காரில் ஏறக்கூடாது. அந்தச் சட்டம் அப்படியே இருக்கிறது.

ஆனால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, கார் வாங்கும்போது நான் எழுதி வைத்த எந்தக் குறிப்பிலும் இல்லாத ஒரு வித்தியாசம் இப்போது தெரிகிறது. புதிய காரில் நான் பின்சீட்டில் இருந்திருப்பேன். யாரும் என்னை எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும், வழியெல்லாம் நான் பயந்துகொண்டு மட்டும்தான் வந்திருப்பேன். அந்தப் பழைய வண்டியோ பாதிக் குருடு. எதிரே என்ன வருகிறது என்று என்னைக் கேட்காமல் அதனால் ஒரு பஸ்ஸைக்கூடத் தாண்ட முடியாது.

ஒருநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவரிடம் கேட்டேன். "அவ்ளோ பெரிய தப்பு பண்ணதுக்கப்புறம் திரும்பவும் என் பேச்ச நம்பி எப்படிங்க ஒடிச்சீங்க?"

"வேற யாரு இருந்தா?" என்றார். மகனின் சட்டையை மடித்துக்கொண்டே சொன்னார், அவ்வளவுதான்.

முதலில் எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். அப்படி அவர் நினைக்கவில்லை, நினைக்கவும் முடியாது. ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் நான் எங்களைச் சாக வைக்கப் பார்த்திருந்தேன். இப்போதும் மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதிலிருந்து காய்ச்சல் மருந்தின் அளவு வரை ஒவ்வொன்றுக்கும் தயங்கித்தான் நிற்கிறேன். அப்படி நிற்கும்போதெல்லாம், நான் தப்பாகப் பார்க்கக்கூடியவள் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர், எங்கள் பிள்ளை என் மடியில் இருக்க, தன் கண்ணுக்குத் தெரியாத சாலையில் என் ஒரு சொல்லுக்கு வண்டியைத் திருப்பியதை நினைத்துக்கொள்கிறேன்; அப்புறம் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, அதிலேயே நிற்கிறேன்.